இந்த நூல் ஏன் இருக்கிறது, அந்த நூல் ஏன் இல்லை? கல்லூரி நூலகத்தின் நூல் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி நூலகத்தில் நூல் தேர்வைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இரவல் கவுண்டரில் மாணவர்கள் கேட்டவை, துறைக் கூட்டங்களில் ஆசிரியர்கள் கேட்டவை, நன்கொடைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றவர்கள் கேட்டவை எல்லாவற்றையும் திரட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூல் இல்லை என்றதும் பணம் இல்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த நூல் வேண்டும் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை என்பதே நான் அதிகம் கண்ட காரணம்.

எந்த நூலை வாங்குவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நூலகரா, முதல்வரா, ஆசிரியர்களா?

மூவரும் சேர்ந்துதான். யார் சொல் எவ்வளவு எடுபடும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பெரும்பாலும் நூலகக் குழு என்று ஒன்று இருக்கும். துறைக்கு ஓர் ஆசிரியரும் நூலகரும் அதில் இருப்பார்கள்; சில இடங்களில் மாணவர் பிரதிநிதியும் உண்டு. ஆசிரியர்கள் தலைப்புகளைப் பரிந்துரைக்கிறார்கள். நூலகர் அவற்றை ஏற்கெனவே உள்ள இருப்போடு ஒப்பிட்டு, பதிப்பையும் விலையையும் சரிபார்த்துப் பட்டியலாக்குகிறார். தொகைக்கு ஒப்புதல் தருவது நிர்வாகம்.

ஆசிரியருக்குத் தம் பாடத்தின் ஆழம் தெரியும். ஆனால் இரண்டு துறைகளுக்கு நடுவே விழும் பொருள்களைத் தம்முடையவை என்று கேட்க ஆள் இருக்காது. புள்ளியியல் அடிப்படை, அறிவியல் வரலாறு, ஆய்வு நெறிமுறை, கட்டுரை எழுதும் முறை ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றைத் தேடி வாங்க வேண்டியவர் நூலகர். பரிந்துரைப் பட்டியலை மட்டுமே நம்பியிருக்கும் நூலகத்தில், குரல் உயர்த்திக் கேட்கும் துறையின் அடுக்கு நிரம்பி வழியும். அதற்குப் பக்கத்து அடுக்கு காலியாகக் கிடக்கும்.

இதற்கு எழுத்து வடிவில் விதிமுறை உண்டா?

இருக்க வேண்டும். சேகரிப்புக் கொள்கை என்று அதைச் சொல்கிறோம். எந்தப் பாடங்களில், எந்த மொழிகளில், எந்த வடிவங்களில், எவ்வளவு ஆழத்துக்கு வாங்குவது என்பதும், நன்கொடை, நூல் நீக்கம், ஆட்சேபணை ஆகியவற்றை எப்படிக் கையாள்வது என்பதும் அதில் இருக்கும். நூலகர் மாறினாலும் முதல்வர் மாறினாலும் நூலகம் தடம் மாறாமல் போக அந்தச் சில பக்கங்கள் உதவும்.

ஆழம் என்று சொன்னதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 1980-களில் அமெரிக்காவின் ஆராய்ச்சி நூலகங்கள் சேர்ந்து, ஒவ்வொரு பாடத்தின் சேகரிப்பையும் 0 முதல் 5 வரை மதிப்பிடும் முறையைப் பரவலாக்கின. 0 என்றால் அந்தப் பொருளில் எதுவும் சேர்ப்பதில்லை. 1 மிகக் குறைந்த அளவு, 2 அடிப்படைத் தகவல், 3 கற்பித்தலுக்குப் போதுமானது, 4 ஆராய்ச்சிக்கு உரியது. 5 என்றால் அந்தப் பொருளில் வெளிவந்த அனைத்தையும் சேர்க்க முயல்வது. இளநிலை வகுப்புகள் மட்டும் நடக்கும் கல்லூரிக்குப் பெரும்பாலான பாடங்களில் 3 போதும். எல்லாவற்றிலும் 4 வேண்டும் என்று ஆசைப்பட்டால் எதிலும் 2-ஐத் தாண்ட முடியாமல் போகும்.

வாங்கும் முன் ஒரு நூலில் எதையெல்லாம் பார்க்கிறீர்கள்?

நான் பின்னாலிருந்து தொடங்குவேன். முதலில் மேற்கோள் பட்டியல். இந்த ஆண்டு அச்சான நூலில் எடுத்தாளப்பட்ட கட்டுரைகளில் கடைசியானது இருபது ஆண்டுக்கு முந்தையது என்றால், அது புது அட்டை போட்ட பழைய நூல். அடுத்தது பொருளடைவு. ஐந்நூறு பக்க நூலுக்குப் பொருளடைவு இல்லாவிட்டால், தேர்வுக்கு முந்தைய நாள் ஒரே ஒரு கருத்தைத் தேடும் மாணவருக்கு அது மூடிய கதவு. பிறகு தலைப்புப் பக்கத்தின் பின்புறம். அது திருத்திய பதிப்பா, பழையதையே மீண்டும் அச்சிட்டதா என்பது அங்கேதான் தெரியும். முகப்பு அட்டையில் 'புதிய பதிப்பு' என்று பெரிய எழுத்தில் இருப்பதை நம்பி ஏமாந்தது உண்டு.

அதன் பின்னரே நூலாசிரியர் யார், பதிப்பகம் எது, மதிப்புரைகள் என்ன சொல்கின்றன என்பவை. இவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இதே பொருளில் நம்மிடம் உள்ள நூல்கள் செய்யாத எதை இது செய்கிறது? அடுக்கில் ஏற்கெனவே பன்னிரண்டு நுண்கணித நூல்கள் இருந்து, பதின்மூன்றாவதும் அதே வரிசையில் அதே எடுத்துக்காட்டுகளைத் தந்தால், அது எவ்வளவு நல்ல நூலானாலும் தேவையில்லை. தடுமாறும் மாணவருக்காக மெதுவாக நடக்கும் நூல் என்றால் உடனே வாங்குவேன்.

நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய நூலென்றால் தாளையும் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட தாளில் அமிலம் மிஞ்சிவிடுவதால், அது பழுத்து, மடித்தால் ஒடிந்துவிடுகிறது. நீடித்து நிற்கும் தாளுக்கு 1994-இல் பன்னாட்டுத் தர நிர்ணயம் வந்தது. சில நூல்களின் பதிப்புரிமைப் பக்கத்தில் வட்டத்துக்குள் முடிவிலிக் குறி இருக்கும்; அந்தத் தரத்துக்குரிய தாள் என்பதற்கு அது அடையாளம்.

பாடநூலை எல்லோருக்கும் போதுமான அளவு ஏன் வாங்குவதில்லை?

வாங்கினால் வேறு எதையும் வாங்க முடியாது. அறுபது பேர் படிக்கும் வகுப்புக்கு அறுபது பிரதி வாங்கி, மூன்றாண்டில் பாடத்திட்டம் மாறினால், அறுபதும் ஒரே நாளில் பாரமாகிவிடும். அதனால் சில பிரதிகளை இரவலுக்கு விட்டு, ஒன்றிரண்டை நூலகத்திலேயே உட்கார்ந்து படிப்பதற்கென்று ஒதுக்குகிறோம். அந்த ஒதுக்குப் பிரதி வீட்டுக்குப் போகாது. எந்த நேரம் வந்தாலும் கிடைக்கும். பணம் கொடுத்து வாங்க முடியாத மாணவருக்கு அதுவே துணை.

எத்தனை பிரதி என்பதை முன்பதிவு வரிசை சொல்லும். ஒரு பிரதிக்கு நாலைந்து பேர் தொடர்ந்து காத்திருந்தால் இன்னொன்று வாங்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் சில விஷயம் தப்பிவிடும். ஒருமுறை புள்ளியியல் நூல் ஒன்றுக்கு வரிசை நீண்டுகொண்டே போனது. இன்னும் மூன்று பிரதி வாங்கலாம் என்று பட்டியலில் எழுதிவிட்டு, திரும்பி வந்த நூலை மூடியபடி கையில் எடுத்துப் பார்த்தேன். தாள்களின் வெளி ஓரம் முழுவதும் வெளுப்பாக இருக்க, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கருத்துப் பட்டையாகத் தெரிந்தது. எத்தனையோ விரல்கள் புரட்டிப் புரட்டி ஏற்றிய அழுக்கு. பிரித்தேன், கருதுகோள் சோதனை அதிகாரம். அந்த வகுப்புக்கு வேண்டியது அந்த நூலல்ல, அந்த ஓர் அதிகாரம். மூன்று பிரதிக்குப் பதிலாக, அந்தப் பொருளை மட்டும் விரிவாக விளக்கும் இரண்டு வேறு நூல்களை வாங்கினோம். வரிசை குறைந்தது. அன்று முதல், திரும்பி வரும் நூல்களின் ஓரத்தைப் பார்க்காமல் அடுக்குக்கு அனுப்புவதில்லை.

பாடத்திட்டத்தில் இல்லாத நாவல், கவிதை, பயண நூல்களுக்குப் பணம் செலவழிக்கலாமா?

கட்டாயம் செலவழிக்க வேண்டும். பதினெட்டு வயதில் வரும் ஒருவர் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டுப் போனால், கல்லூரியை விட்டதும் நூலகத்தையும் விட்டுவிடுவார். தொகையில் ஒரு பங்கைப் பொது வாசிப்புக்கென்று ஒதுக்கி, அதை வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று கொள்கையிலேயே எழுதிவைப்பது நல்லது. நெருக்கடி வந்தால் முதலில் கை வைக்கப்படுவது இந்தப் பங்கில்தான் என்பதால் சொல்கிறேன்.

துறைகளுக்கிடையே பணத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

மாணவர் எண்ணிக்கை, அந்தத் துறை நூல்களின் சராசரி விலை, இரவல் எண்ணிக்கை, புதிதாகத் தொடங்கிய படிப்புகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுகிறோம். சம பங்கு நேர்மையாகத் தோன்றும், ஆனால் நேர்மையானதல்ல. வேதியியலில் இரண்டு நூல் வாங்கும் பணத்தில் இலக்கியத்தில் பத்து வாங்கலாம். ஒரு பகுதியை யாருக்கும் ஒதுக்காமல் ஆண்டு நடுவில் வரும் தேவைகளுக்கென்று வைத்துக்கொள்வதும் அவசியம்.

நாங்கள் படித்துக்கொண்டிருந்த ஆய்விதழ் சந்தாவை நிறுத்திவிட்டீர்களே, ஏன்?

ஆசிரியர்களிடமிருந்து மனவருத்தத்தோடு வரும் கேள்வி இது. வருத்தம் நியாயமானது.

நூலுக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். ஆய்விதழுக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் விலை ஏறும். இதழ்ச் சந்தா ஏற ஏற அது நூல் வாங்கும் பணத்தைத் தின்றுகொண்டே வரும். பெரிய பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே கட்டாகக் கட்டித் தரும் முறை 1990-களின் பிற்பகுதியில் பரவியது. தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு என்று சேர்ந்த நூலகங்கள் பின்னர் வெளியே வர முடியாமல் திணறின. கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற பெரிய நிறுவனமே 2019-இல் எல்சேவியர் பதிப்பகத்துடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டு, 2021-இல்தான் புது நிபந்தனைகளோடு திரும்பச் சேர்ந்தது.

எந்த இதழை வைப்பது என்பதற்குப் பழைய வழிகாட்டி ஒன்று உண்டு. லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் இருந்த சாமுவேல் பிராட்ஃபோர்டு 1934-இல் புவி இயற்பியல் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார். வெறும் 9 இதழ்களில் 429 கட்டுரைகள் இருந்தன. அடுத்த 499 கட்டுரைகளுக்கு 59 இதழ்களைப் புரட்ட வேண்டியிருந்தது. மீதி 404 கட்டுரைகள் 258 இதழ்களில் சிதறிக் கிடந்தன. முதல் வட்டத்து இதழ்களை வாங்கி, வெளி வட்டத்தில் சிதறியவற்றைக் கேட்கும்போது வரவழைத்துக் கொடுப்பது கல்லூரிக்குக் கட்டுப்படியாகும் வழி.

இதற்குமேல், ஒரு பயன்பாட்டுக்கு என்ன செலவு என்று பார்க்கிறோம். ஆண்டுச் சந்தாவை, பதிவிறக்கிய கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். பதிப்பகங்கள் ஆளுக்கொரு விதமாக எண்ணிக்கொண்டிருந்ததை ஒரே அளவுக்குக் கொண்டுவர 2002-இல் கவுண்டர் என்ற பொதுத் தரம் உருவானது. ஆனாலும் இந்த எண்ணை மட்டும் வைத்து வெட்டுவது தவறு. ஆண்டுக்கு நாலே பேர் படிக்கும் இதழ், அந்த நாலு பேரின் ஆய்வுக்கு உயிராக இருக்கலாம். நிறுத்தும் முன் அவர்களைக் கேட்க வேண்டும். கேட்காமல் நிறுத்தியிருந்தால் எழுதிக் கேளுங்கள். மறுபரிசீலனைக்கு இடம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மின்னூலாக வாங்கிவிட்டால் இடமும் மிச்சம், தேடலும் எளிது அல்லவா?

இடம் மிச்சம்தான். ஆனால் 'வாங்குதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அச்சு நூலை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. இரவல் கொடுக்கலாம், ஐம்பது ஆண்டு வைத்திருக்கலாம், இன்னொரு நூலகத்துக்குக் கொடுக்கலாம். மின்னூலில் நாம் பெறுவது பெரும்பாலும் உரிமம். எத்தனை பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம், எத்தனை பக்கம் பதிவிறக்கலாம், எத்தனை ஆண்டு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். 'ஒரே நேரத்தில் ஒருவர்' என்ற உரிமத்தோடு வாங்கிய மின்னூல், ஒற்றைப் பிரதி அச்சு நூலைப் போலத்தான். தேர்வுக்கு முந்தைய இரவு ஒருவர் திறந்து வைத்திருந்தால் மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் கதவு மூடியிருக்கும்.

ஆண்டுச் சந்தாவில் வரும் மின்னூல் தொகுப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பதிப்பகம் எப்போது வேண்டுமானாலும் ஒரு தலைப்பை எடுத்துவிடலாம். ஆசிரியர் பாடத்துக்கென்று குறிப்பிட்ட நூல், பருவத்தின் நடுவில் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அதிகம் விற்கும் பாடநூல்களைச் சில பதிப்பகங்கள் நூலகங்களுக்கு மின்னூலாகத் தருவதே இல்லை. மாணவர்கள் தலைக்கு ஒன்றாக வாங்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அதனால் பயன்பாட்டைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்கிறோம். அகராதி, கலைக்களஞ்சியம், கைநூல் போன்று தேடி ஒரு பக்கம் பார்த்துவிட்டு மூடுபவை மின்வடிவில் சிறந்தவை. தொலைநிலைக் கல்வி மாணவருக்கும், இரவில் வேலை பார்த்துவிட்டுப் படிப்பவருக்கும் மின்னூல் பெரிய உதவி. முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை தொடர்ந்து படிக்க வேண்டியதற்கு அச்சைப் பலர் விரும்புகிறார்கள். எந்த மின் ஒப்பந்தத்திலும் நான் முதலில் தேடும் வரி ஒன்று: சந்தா நின்ற பிறகு, பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களைப் படிக்க முடியுமா? பதிப்பகமே மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1990-களின் இறுதியில் தொடங்கிய லாக்ஸ் திட்டம் இதற்காகவே மின் இதழ்களின் பிரதிகளைப் பல நூலகங்களில் பிரித்து வைக்கிறது. பல இடங்களில் பிரதி இருந்தால்தான் பத்திரம் என்பது அதன் அடிப்படை.

மாணவர் திறந்தாலே நூலகம் வாங்கிவிடும் முறை உண்டாமே?

உண்டு. வாங்காத மின்னூல்களின் விவரத்தையும் நூலகப் பட்டியலில் காட்டுவார்கள். யாராவது ஒன்றைத் திறந்து சில நிமிடங்களுக்கு மேல் படித்தாலோ, பக்கங்களைப் பதிவிறக்கினாலோ அது தானாக வாங்கப்படும். வாங்கிய ஒவ்வொரு நூலுக்கும் குறைந்தது ஒரு வாசகர் உறுதி என்பது இதன் அழகு. இன்று யாருக்கும் தெரியாத, ஐந்தாண்டு கழித்துத் தேவைப்படப்போகும் நூலை இது ஒருபோதும் வாங்காது என்பது குறை. பணம் சட்டென்று தீர்ந்துவிடும் அபாயமும் உண்டு. ஒரு பகுதி பணத்தை மட்டும் இதற்கு விடுவது நல்லது.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதையும் நூலகம் 'சேர்க்கிறதா'?

சேர்க்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று கோரிய புடாபெஸ்டு அறிக்கை 2002-இல் வெளியான பிறகு, யாரும் பணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் வேகமாகப் பெருகின. அவற்றுக்கான பொதுப் பட்டியல் 2003 முதல் இருக்கிறது. இலவசம் என்பதற்காகத் தேர்வை விட்டுவிட முடியாது. கட்டுரை எழுதியவரிடம் பணம் வாங்கிக்கொண்டு, வல்லுநர் மதிப்பீடு எதுவும் செய்யாமல் எதையும் வெளியிடும் போலி இதழ்கள் ஏராளம். இதழின் ஆசிரியர் குழுவில் உண்மையான ஆட்கள் இருக்கிறார்களா, மதிப்பீட்டு முறை விளக்கப்பட்டிருக்கிறதா, பழைய இதழ்கள் கிடைக்கின்றனவா என்று பார்த்தே நூலகப் பட்டியலில் இணைப்பு கொடுக்கிறோம்.

புதிய பதிப்பு வந்ததும் வாங்குவீர்களா?

பாடத்தைப் பொறுத்தது. வரிச் சட்டம், மருந்தியல், நிரல்மொழி என்றால் உடனே. இயற்கணிதம் என்றால் அவசரமில்லை. பயிற்சிக் கணக்குகளின் வரிசையை மட்டும் மாற்றிவிட்டுப் புதுப் பதிப்பு என்று விற்கும் வழக்கம் இருக்கிறது.

கல்லூரியின் சொந்த வெளியீடுகளைச் சேர்ப்பீர்களா?

அவற்றைச் சேர்க்காத நூலகத்தை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆண்டு மலர், ஆய்வேடு, பழைய வினாத்தாள், துறை இதழ், பாடத்திட்டப் புத்தகம் ஆகியவற்றை உலகத்தில் வேறு எந்த நூலகமும் தேடி வைக்கப் போவதில்லை. நாம் தவறவிட்டால் அவை இல்லாமலே போகும். கொள்கை அளவுகோலில் எல்லாவற்றுக்கும் 3 போட்டாலும் இதற்கு மட்டும் 5 போட வேண்டும்.

என் தந்தையின் புத்தகங்களை நூலகத்துக்குத் தர விரும்புகிறேன். ஏன் தயங்குகிறீர்கள்?

நன்றியோடுதான் தயங்குகிறோம். இலவசமாக வரும் நூலுக்கும் பதிவு, பகுப்பு எண், பார்கோடு, அடுக்கில் ஓர் இடம் எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆள் வேலை உண்டு. ஈரத்தில் இருந்த பெட்டியைத் திறந்தவுடன் பூஞ்சை வாடை அடிக்கும். ஒரே ஒரு நூலில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அடுக்கு முழுவதும் பரவும். அதனால் பெட்டிகளை முதலில் தனியறையில் வைத்துப் பிரிக்கிறோம்.

முன்பொருமுறை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மகள் ஏழு பெட்டி கொண்டுவந்தார். ஆறு பெட்டிகளில் இருந்தவை பழைய பாடநூல்கள். எங்களிடம் ஏற்கெனவே இருந்தவை. ஏழாவதில் அவர் ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதிய இலக்கண நூல்கள் இருந்தன. மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள், அங்கே எந்த எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தார். அந்த நூல்களின் அச்சுப் பிரதி எங்கும் கிடைக்கும். அந்தக் குறிப்புகள் எங்கும் கிடைக்கா. அந்தப் பெட்டியை முழுவதுமாக ஏற்றுக்கொண்டோம்.

தர விரும்பினால் முதலில் ஒரு பட்டியல் அனுப்புங்கள். தந்த பின் எதை வைத்துக்கொள்வது, எதை வேறு நூலகத்துக்கு அனுப்புவது என்ற முடிவு நூலகத்துடையது. 'எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் பெயர்ப் பலகையோடு வைக்க வேண்டும்' என்ற நிபந்தனையை மிக அரிதாகவே ஏற்க முடியும்.

ஒரு தரப்பினரைப் புண்படுத்தும் கருத்துள்ள நூலை ஏன் வைத்திருக்கிறீர்கள்?

சர்ச்சைக்குரிய பொருளில் ஒரு பக்கத்தை மட்டும் வாங்கினால் அது படிப்பகம் ஆகாது, பிரசாரக் கூடம் ஆகிவிடும். லெஸ்டர் ஆஷைம் என்ற நூலகவியலாளர் 1953-இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தேர்வு செய்பவர் நூலை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுவார். தணிக்கை செய்பவர் அதை விலக்கக் காரணம் தேடுவார். எந்த நூலை எடுக்கும்போதும் என் மனம் எந்தப் பக்கம் காரணம் தேடுகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். இடமும் பணமும் இல்லாததால் விடுவது வேறு, பயத்தால் விடுவது வேறு. இரண்டாவதை முதலாவதாக மாற்றிச் சொல்லிக்கொள்ளும் சபலம் எல்லா நூலகருக்கும் வரும்.

ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தரலாம். நூலை முழுவதும் படித்தீர்களா, எந்தப் பகுதி, அதற்கு மாறான கருத்துள்ள நூல் ஏதும் பரிந்துரைக்கிறீர்களா என்று படிவம் கேட்கும். குழு படித்துப் பார்த்து முடிவு சொல்லும் வரை நூல் அடுக்கிலேயே இருக்கும்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு என்ன சேர்க்கிறீர்கள்?

பிரெயில் நூல், ஒலி நூல், பெரிய எழுத்துப் பதிப்பு, திரைவாசிப்பி மென்பொருள் (திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக்காட்டுவது) படிக்கக்கூடிய மின்னூல் ஆகியவை. 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அதில் சேர்ந்துள்ள நாடுகளில் அச்சு நூலை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றவும், மாற்றியதை நாடுகளுக்கிடையே பகிரவும் வழி செய்திருக்கிறது. மின்னூல் தொகுப்பு வாங்கும்போது, திரைவாசிப்பி அதைப் படிக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் சோதிக்க வேண்டும். பக்கங்களை வெறும் படமாக வருடி ஏற்றிய மின்னூல், பார்வையற்ற மாணவருக்கு வெற்றுத் தாள்.

யாரும் எடுக்காத நூல்கள் ஏன் இவ்வளவு இருக்கின்றன?

எல்லாப் பெரிய நூலகங்களையும் வாட்டும் கேள்வி. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் வாங்கிய நூல்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஏறத்தாழ 40 சதவீதம் முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று தெரிந்தது. 1979-இல் வெளியான அந்த ஆய்வு நூலகர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே ரிச்சர்டு ட்ரூஸ்வெல் என்ற ஆய்வாளர், இரவலில் 80 சதவீதத்தை இருப்பில் 20 சதவீத நூல்களே நிறைவேற்றிவிடுகின்றன என்று காட்டியிருந்தார்.

இரவல் போகவில்லை என்பதால் படிக்கப்படவில்லை என்று ஆகாது. அடுக்கருகே நின்றபடியே படித்துவிட்டு வைப்பவர்கள் உண்டு. அதனால் மேசையில் விடப்பட்ட நூல்களையும் நாங்கள் எண்ணுகிறோம். 'படித்த நூலை நீங்களே அடுக்கில் வைக்க வேண்டாம்' என்று பலகை வைத்திருப்பது அதற்காகத்தான். ஆனாலும் பெரும்பகுதி உண்மை: நல்ல நூல் என்று நாமே தீர்மானித்து, யாரையும் கேட்காமல் வாங்கியவை அவை. எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்ற இரண்டாம் விதிக்கு அடுத்தே 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்று வைத்தார். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் அவர். வாங்குவதோடு வேலை முடிவதில்லை, அந்த நூலுக்குரியவரைத் தேடிப் பிடிப்பதும் வேலைதான் என்பது அந்த மூன்றாம் விதி.

நூல்களை ஏன் கழித்துக்கட்டுகிறீர்கள்? அறிவைக் குப்பையில் போடலாமா?

நூல் நீக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது எல்லோர் குரலிலும் ஒரு வலி தெரியும். எனக்கும் அந்த வலி உண்டு. ஆனால் முப்பது ஆண்டுக்கு முந்தைய மருந்தளவு நூலை அடுக்கில் விட்டுவைப்பது அறிவைக் காப்பதாகாது; நம்பி எடுப்பவருக்குத் தவறான அளவைக் கையில் கொடுப்பது. ரத்தான சட்டத்தை விளக்கும் நூலும் அப்படியே. நெருக்கியடித்த அடுக்கில் பழையவற்றுக்கு நடுவே நிற்கும் புதிய நூல் கண்ணில் படாது.

1976-இல் ஜோசப் சீகல் டெக்சாஸ் மாநிலத்தின் சிறு நூலகங்களுக்கு எழுதிய வழிகாட்டி இன்றும் பல இடங்களில் அடிப்படையாக இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு எண்: நூல் வெளியாகி எத்தனை ஆண்டு, கடைசியாக இரவல் போய் எத்தனை ஆண்டு. அதோடு, தகவல் தவறானதா, நைந்துபோனதா, மேலான பதிப்பு வந்துவிட்டதா, வேறிடத்தில் எளிதாகக் கிடைக்கிறதா என்ற கேள்விகள். எண்கள் நூலைச் சுட்டிக்காட்டும். முடிவெடுப்பது நூலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்தான்.

பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்ப்பேன். தொடக்கத்தில் வாரத்துக்கு ஒன்றாக நெருங்கி நிற்கும் முத்திரைகள், பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று, கடைசியில் வெற்றிடம். சில சீட்டுகளில் நீண்ட வெற்றிடத்துக்குப் பின் திடீரென்று ஒரே ஒரு முத்திரை இருக்கும். யாரோ ஒருவர் பல ஆண்டுக்குப் பின் தேடி வந்திருக்கிறார். அப்படிப்பட்ட நூலை நான் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. ஒரு துறையின் அடிப்படை நூல், வேறு எந்த நூலகத்திலும் இல்லாத பிரதி, கல்லூரியோடு தொடர்புள்ள நூல் ஆகியவை வயதைப் பார்த்து நீக்கப்படுவதில்லை. நைந்துபோகும் அளவுக்குப் படிக்கப்பட்ட நூலை நீக்கினால் புதுப் பிரதி வாங்கியே ஆக வேண்டும்.

நீக்கும் பட்டியல் ஆசிரியர்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆட்சேபணைக்குக் காலம் தர வேண்டும். இருப்புப் பதிவேட்டில் காரணத்தோடு குறிக்க வேண்டும். இரவோடு இரவாக அள்ளிக்கொண்டு போகும் நீக்கம்தான் நூலகத்தின் மீதான நம்பிக்கையைக் கெடுக்கிறது.

தொலைந்த நூலை மீண்டும் வாங்குவீர்களா?

தானாக வாங்குவதில்லை. அது கடைசியாக எப்போது பயன்பட்டது, அதே பொருளில் மேலானது வந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். அடிக்கடி காணாமல் போகும் நூலென்றால், பிரதி போதவில்லை என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி.

எங்கள் நூலகத்தில் இல்லவே இல்லாத நூல் வேண்டுமென்றால்?

நூலகங்களுக்கிடையேயான இரவல் மூலம் வரவழைக்கலாம். எந்த நூலகத்தாலும் எல்லாவற்றையும் வாங்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. ஒரே நூலை வெளியிலிருந்து மூன்று முறை வரவழைத்தால், நான்காவது முறைக்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

நான் முதலாம் ஆண்டு மாணவி. நான் பரிந்துரைத்தால் வாங்குவீர்களா?

வாங்குவோம். வாங்க முடியாவிட்டால் ஏன் என்று எழுதி அனுப்புவோம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, எதற்காக வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். நான்காவதுதான் எனக்கு மிகவும் பயன்படும். செய்முறை வகுப்புக்கு என்றால் எத்தனை பேருக்கு, எந்த மாதத்துக்குள் என்பதையும் சேருங்கள்.

தலைப்பே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'வேதிச் சமன்பாடுகளைச் சமன்செய்வது புரியவில்லை, இருக்கும் நூல்கள் வேகமாகப் போகின்றன' என்று ஒரு தாளில் எழுதி கவுண்டரில் கொடுங்கள். தேடிப் பிடிப்பது எங்கள் வேலை. நூல் வந்து பதிவானதும் உங்களுக்குத் தகவல் வரும். முதல் இரவல் கேட்டவருக்கே. யார் வரிசையில் நின்றாலும் அதில் மாற்றமில்லை.